பழைய கார் அடிக்கடி சூடாகுதா? பெட்ரோல் அதிகம் குடிக்குதா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுது. மேட்டில் வண்டி இழுக்கல. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குது. பழைய சிறிய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லும் புகார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

சிக்கல் என்னவென்றால், இதற்கெல்லாம் காரணம் ஒன்று அல்ல. அதனால்தான் ரேடியேட்டரை மாற்றியும் சூடு குறையாது, கார்பரேட்டரை கிளீன் பண்ணியும் மைலேஜ் ஏறாது. ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால், காரின் விலையை விட செலவு அதிகமாகிவிடும். சூடான இன்ஜினை அப்படியே ஓட்டினால் ஹெட் வளைந்து, முழு இன்ஜின் வேலையில் போய் முடியும்.

எந்தக் கருவியும் இல்லாமல், கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்க்கலாம்.

உதாரணத்துக்கு மாருதி 800

இந்தியாவில் பழைய சிறிய கார் என்றாலே நினைவுக்கு வருவது மாருதி 800. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட கார். 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். முதலில் கார்பரேட்டரில் ஓடியது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும், 2000-ஐ ஒட்டி எம்பிஎஃப்ஐ எனப்படும் எலக்ட்ரானிக் முறைக்கு மாறியது.

இரண்டு வகை எரிபொருள் அமைப்பும் இந்த ஒரே மாடலில் இருப்பதால், இதை வைத்துப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்து மற்ற சிறிய கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் கேள்வி: 'எப்போது?'

என்ன ஆகுது என்பதை விட, எப்போது ஆகுது என்பதுதான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். ஒரு வாரம் கவனித்து, கீழே உள்ளதில் உங்கள் கார் எதில் வருகிறது என்று பாருங்கள்.

• நெரிசலில் மட்டும் சூடாகி, வேகமாகப் போனால் முள் இறங்கினால்: ரேடியேட்டர் ஃபேன் பக்கம் சந்தேகம்.

• ஊருக்குள் சரியாக இருந்து, நெடுஞ்சாலையிலோ மேட்டிலோ சூடானால்: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், பாதி மட்டுமே திறக்கும் தெர்மோஸ்டாட்.

• ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் ஏறினால்: மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட், தண்ணீர் இல்லாமை அல்லது ஹெட் கேஸ்கட்.

• திடீரென முள் ஏறி, கூடவே பேட்டரி விளக்கும் எரிந்தால்: பெல்ட் அறுந்திருக்கலாம். மாருதி 800-ல் வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுவது ஒரே பெல்ட். உடனே ஆஃப் செய்ய வேண்டும்.

• ஓடி நின்ற சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல், அரை மணி நேரம் கழித்து ஆனால்: பெட்ரோல் சூட்டில் ஆவியாகும் 'வேப்பர் லாக்' ஆக இருக்கலாம்.

• காலையில் மட்டும் தகராறு, சூடானதும் சரி என்றால்: சோக், சென்சார் அல்லது ஹெட் கேஸ்கட்டில் தொடக்க நிலைக் கசிவு.

சூடு பிரச்சனை: எங்கிருந்து தொடங்குவது?

ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

காரணம் எளிது. பல சிறிய கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எண் இருக்கும். அது அந்த மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தம். 0.9 அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க சுமார் 118 டிகிரி ஆகும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் போய்விடும்; 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி முதல் முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, அது தளர்ந்து ஆறிய பிறகுதான் துணி போட்டுத் திறக்க வேண்டும்.

அடுத்து, செலவு குறைந்த வரிசையில் சோதனைகள்.

1. தண்ணீர் அளவு: காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர், ரிசர்வ் டேங்க் இரண்டையும் பாருங்கள். ரிசர்வ் டேங்க் நிறைய இருந்து ரேடியேட்டர் குறைந்திருந்தால், மூடியின் ரப்பர் போயிருக்கலாம். சில நூறு ரூபாய் மூடிக்காக ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

2. கசிவு: காருக்கு அடியில் பச்சை அல்லது சிவப்புத் திட்டு இருக்கிறதா? ஹோஸ் முனைகளில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா? வாட்டர் பம்ப் அடியில் ஈரமா? காருக்குள் முன்சீட் கால் பக்கம் ஈரமாக, இனிப்பு வாசனை வந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது.

3. ஃபேன்: காரை நிறுத்திய நிலையில் ஓடவிடுங்கள். கூலன்ட் சுமார் 95 டிகிரியை நெருங்கும்போது ஃபேன் தானாக ஓட வேண்டும். ஓடவில்லையா? ஆஃப் செய்துவிட்டு, ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ஃபேனின் சாக்கெட்டைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயர் மூலம் பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது ஓடினால் மோட்டார் நல்லாதான் இருக்கு. கோளாறு சுவிட்ச், ரிலே அல்லது ஒயரிங்கில். ஓடவில்லை என்றால் மோட்டார். இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் ஃபேன் சுற்றத் தொடங்கலாம் என்பதால் கை, துப்பட்டா, சட்டை நுனி எதுவும் அருகில் போகக்கூடாது.

4. தெர்மோஸ்டாட்: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடம் அது குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல சூடானால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது அது இல்லவே இல்லை. முள் மேலே போயும் ஹோஸ் ஜில்லென்று இருந்தால், மூடியபடி சிக்கியிருக்கிறது. கழற்றி வெந்நீர் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டால், 80 டிகிரியைத் தாண்டியதும் வாய் திறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

5. ரேடியேட்டர் அடைப்பு: ஓடி நிறுத்திய பிறகு, சாவியை எடுத்து, சற்று ஆறியதும் ரேடியேட்டர் முகத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஒரு பகுதி சூடாகவும் ஒரு பகுதி குளிர்ச்சியாகவும் இருந்தால், அந்தக் குளிர்ந்த பகுதிக்குள் தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம்.

போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய கார்களில் இது சாதாரணம். கெண்டி அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. கூலன்ட் என்பது குளிர் பிரதேசத்துக்கு மட்டும் என்பது தவறான எண்ணம். அது கொதிநிலையை உயர்த்துகிறது, உள்ளே துருப்பிடிக்காமல் காக்கிறது. டிஸ்டில்டு வாட்டருடன் கலந்துதான் ஊற்ற வேண்டும். ரெடிமேட் கலவை என்றால் தண்ணீரே சேர்க்க வேண்டாம்.

ஹெட் கேஸ்கட் போச்சா? தெரிந்துகொள்ள நான்கு அடையாளங்கள்

'ஹெட் கேஸ்கட் போச்சு' என்று சொன்னால் பெரிய செலவு. அதனால் உறுதி செய்யாமல் ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம்.

• ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால், ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது. ஓரிரு குமிழி வந்து நின்றால் அது உள்ளே இருந்த காற்று.

• ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகுவது.

• ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியிலும், ஆயில் ஸ்டிக்கிலும் பால் காபி நிறம். மழைக்காலத்தில் குறைந்த தூரம் மட்டுமே ஓடும் காரில், மூடியில் மட்டும் லேசாக இது தெரிவது சகஜம். ஸ்டிக்கிலும் தெரிந்தால்தான் கவலை.

• வண்டி சூடான பிறகும் சைலன்சரிலிருந்து நிற்காத வெள்ளைப் புகை. காலையில் சிறிது நேரம் வருவது வெறும் நீராவி.

இவற்றில் இரண்டாவது சேர்ந்து இருந்தால் சந்தேகம் வலுவானது.

பெட்ரோல் பிரச்சனை: கார்பரேட்டர் வண்டி

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் 'ரிச்', குறைந்தால் 'லீன்'. இரண்டில் எது என்று சொல்வது ஸ்பார்க் பிளக். மூன்று சிலிண்டருக்கும் மூன்று பிளக். கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள்.

காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் ரிச். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் லீன் அல்லது அதிக சூடு. மூன்றில் ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல பளிச்சென்று இருந்தால், அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு அறிகுறியைப் பாருங்கள்.

• ஐடிலிங் நிக்கல, ஆனா ஆக்சிலரேட்டர் கொடுத்தா நல்லா போகுது: ஐடில் ஜெட் அடைப்பு அல்லது எங்கோ காற்று இழுக்கிறது.

• ஐடிலிங் நல்லா இருக்கு, வேகம் எடுத்தா இழுக்கல: மெயின் ஜெட், பெட்ரோல் ஃபில்டர் அல்லது பம்ப்.

• ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் ஒரு நொடி தடுமாறிவிட்டுப் போகுது: ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம்.

• கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை: சோக் கேபிள் முழுவதும் திரும்பாமல் இருப்பது, மிதவை ஊசி சிக்கி ஓவர்ஃப்ளோ ஆவது, அல்லது அழுக்கான ஏர் ஃபில்டர்.

• கொஞ்ச தூரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று இழுத்து மறுபடி ஓடுது: டேங்குக்குள் காற்று போகும் வழி அடைப்பு. பத்து நிமிட வேலை.

• ஆயில் அளவு தானாக ஏறி, பெட்ரோல் வாடை அடிக்குது: மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்கலாம். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும். பம்ப்பை சரிசெய்து, ஆயிலை மாற்றும் வரை ஓட்டக்கூடாது.

எம்பிஎஃப்ஐ வண்டியில் என்ன வித்தியாசம்?

இதில் பம்ப் டேங்குக்குள் இருக்கும். சாவியை ஆன் செய்தவுடன், ஸ்டார்ட் செய்வதற்கு முன், பின்பக்கம் இரண்டு மூன்று நொடி 'உம்ம்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஒயரிங், பிறகு பம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அது நம்பியிருப்பது சென்சார்களை. செக் இன்ஜின் விளக்கு எரிந்தால், பாகம் வாங்குவதற்கு முன் ஸ்கேன் செய்து கோடு என்ன என்று எழுதி வாங்குங்கள். கோடில் ஒரு சென்சார் பெயர் வந்தால், சென்சார்தான் போச்சு என்று முடிவு செய்ய வேண்டாம். அதற்குப் போகும் ஒயரும் சாக்கெட்டும் பழைய கார்களில் அடிக்கடி காலைவாரும்.

ஆள் மாறாட்டம்: இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள்

சூடு பிரச்சனை பெட்ரோல் பிரச்சனை மாதிரியும், பெட்ரோல் பிரச்சனை சூடு பிரச்சனை மாதிரியும் வேஷம் போடும். பாகம் பாகமாக மாற்றியும் சரியாகாத வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் கதை.

மைலேஜ் குறைவு, காரணம் தெர்மோஸ்டாட்: 'நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?' என்று கழற்றிப் போடும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர அதிக நேரம் எடுக்கும். நெடுஞ்சாலைக் காற்றில் மறுபடி ஆறிவிடும். குளிர்ந்த இன்ஜினுக்கு அதிக பெட்ரோல் தேவை. எம்பிஎஃப்ஐ வண்டியில் 'இன்னும் சூடாகவில்லை' என்று நினைத்து கம்ப்யூட்டரே கூடுதலாகத் தெளிக்கும். நீங்கள் கார்பரேட்டரையும் இன்ஜெக்டரையும் கிளீன் பண்ணிக்கொண்டே இருப்பீர்கள்.

கறுப்புப் புகை, காரணம் டெம்பரேச்சர் சென்சார்: பல கார்களில் டாஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறு சென்சார். முள் சரியாகக் காட்டினாலும், மற்றொன்று தப்புக் கணக்கு சொல்லலாம். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறைய வேண்டும். சாதாரண மல்டிமீட்டரில் குளிர்ந்தபோது ஒரு முறை, சூடானபோது ஒரு முறை அளந்தாலே தெரிந்துவிடும்.

இன்ஜின் சூடு, காரணம் லீன் கலவை: ஜெட் பாதி அடைத்திருந்தாலோ, கார்பரேட்டர் அடி கேஸ்கட் அல்லது வேக்கம் குழாய் வழியாக காற்று புகுந்தாலோ கலவை லீன் ஆகும். சூடு கூடும். சேலத்திலிருந்து தொப்பூர் மேடு ஏறும்போதோ, ஏற்காடு வளைவுகளிலோ, இழுவை குறைந்து கூடவே முள்ளும் ஏறினால், ரேடியேட்டரோடு சேர்த்து பெட்ரோல் ஃபில்டரையும் பிளக் நிறத்தையும் பாருங்கள்.

வழியில் நின்று போச்சு, காரணம் ஃபேன்: நெரிசலில் ஃபேன் ஓடாமல் பானெட்டுக்குள் வெப்பம் கூடினால், கார்பரேட்டர் வண்டியின் பெட்ரோல் குழாயில் ஆவி உருவாகி பெட்ரோல் வராது. பம்ப்பை மாற்றினாலும் அடுத்த வெயிலில் அதே கதைதான்.

காலையில் மிஸ்ஸிங், காரணம் ஹெட் கேஸ்கட்: இரவில் ஒரு சிலிண்டருக்குள் சில சொட்டு கூலன்ட் இறங்கினால், காலையில் வண்டி மிஸ்ஸிங் அடித்து, ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். பிளக், காயில் என்று மாற்றுவார்கள். ரிசர்வ் டேங்கில் கூலன்ட் மெல்லக் குறைகிறதா என்பதுதான் இங்கே சாட்சி.

இ20 பெட்ரோல் பழைய காரை என்ன செய்யும்?

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமாகி, பிறகு படிப்படியாகப் பரவியது. மாருதி 800 போன்ற கார்கள் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

எத்தனாலில் பெட்ரோலை விட சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் மைலேஜ் சற்றுக் குறைவது இயற்கை. ஆனால் 15 கொடுத்த வண்டி திடீரென 10 கொடுத்தால், அதற்கு இ20 மட்டும் காரணமாக இருக்க முடியாது.

எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை லீன் பக்கம் நகரும். எம்பிஎஃப்ஐ வண்டி ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த வசதி இல்லை, டியூனிங்தான் வழி. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் டேங்கில் தண்ணீர் சேரலாம். டேங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கவும் செய்யும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ரப்பர் குழாய்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊதி, விரிசல் விடலாம். பெட்ரோல் சொட்டும் இடம் சூடான சைலன்சர் குழாய்க்கு அருகில் என்றால் தீ விபத்துதான். குழாயை வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ பெட்ரோலுக்கென்றே உள்ள தரமான குழாயாக மாற்றுங்கள். தண்ணீர் டியூபை வெட்டிப் போடுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வழியில் முள் சிவப்புக்குப் போனால் என்ன செய்வது?

1. ஏசியை உடனே ஆஃப் செய்யுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுவதும் ஆன் செய்யுங்கள். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான்.

2. பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்' என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

3. ஆவி வருவது நின்ற பிறகு பானெட்டைத் திறங்கள். மூடியைத் தொடாதீர்கள்.

4. நன்றாக ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

5. சிவப்பில் இருந்த முள் திடீரென கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் முழுவதும் போய், சென்சார் வெறும் காற்றில் நிற்கும்போதும் முள் இறங்கும்.

பெட்ரோல் வாடை கடுமையாக வந்தால், மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். எல்லோரும் இறங்கி விலகி நின்று, வண்டியைக் கட்டி இழுத்துப் போக ஆள் கூப்பிடுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

'வண்டி சூடாகுது, பாருங்க' என்று மட்டும் சொல்லி சாவியைக் கொடுக்காதீர்கள். இந்த ஐந்தைச் சொல்லுங்கள்.

• எப்போது ஆகுது: நெரிசலிலா, வேகத்திலா, மேட்டிலா, காலையிலா?
• ஃபேன் ஓடுவதைப் பார்த்தீர்களா?
• ஒரு வாரத்தில் கூலன்ட் எவ்வளவு குறைந்தது?
• டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்ட மைலேஜ் எவ்வளவு? 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் பிடித்தால் 15. முள்ளைப் பார்த்து சொல்லும் மைலேஜ் கணக்கில் சேராது.
• கடைசியாக என்ன பாகம் மாற்றினீர்கள்? தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா?

மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். சோதிக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் மூடி, பெல்ட், ஃபியூஸ், ஃபில்டர், பிளக்; பிறகு தெர்மோஸ்டாட், சென்சார்; அதன் பிறகு ரேடியேட்டர், பம்ப்; ஹெட்டைக் கழற்றுவது கடைசியில்தான். சில நூறு ரூபாயில் தீரக்கூடிய கோளாறு பல ஆயிரமாக மாறாமல் இருக்க இந்த வரிசை உதவும்.